நூல் எரிந்த துளைகள்

அந்த ஷெட்டில் வேலை செய்த எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை வலிக்காது. மற்ற நாளெல்லாம் வலிக்கும். இதைக் கவனிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் ஒருத்தியும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம், கறி தின்கிறோம், தூங்குகிறோம், அதனால் வலி இல்லை என்று நினைத்துக்கொண்டோம். மனுஷனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், இன்னொரு காரணத்தைத் தேட மாட்டான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் மில் வேலை போன பெண்கள் நாங்கள். நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து வருவேன். மில்லில் ரீலிங்கில் இருந்தேன். நூலைச் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற வேலை. மில் கதவு சாத்தினால் திறக்கும், திறந்தால் சாத்தும், கடைசியில் எங்கள் பகுதியை அடியோடு மூடிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பீங்கான் கம்பெனியில் பெண் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஃபியூஸ் கட்டை, அயர்ன் பாக்ஸுக்குள் கோக்கிற வெள்ளை மணி, இதெல்லாம் செய்கிற சின்னக் கம்பெனி. ஆனால் எங்களை எடுத்தது அதற்கு இல்லை.

கம்பெனியின் முதலாளி பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. பென்ஷன் வாங்கிக்கொண்டு டவுனில் பெரிய வீட்டில் இருந்தார். மகன் அங்கேயே தங்கியிருந்தால் நன்றாக இருந்திருப்பார். ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். வந்த முதல் வாரம் எங்களை வரிசையாக நிற்க வைத்து அந்த யோசனையை விளக்கினார்.

"சாண எரிவாயு தெரியும் இல்ல? அதுல மீத்தேன்னு ஒரு வாயு இருக்கு. அத நீராவியோட கலந்து, நல்லா பழுத்த சூட்டுல, நிக்கல் பூசின சின்னச் சின்னத் துளை வழியா அனுப்பினா வேற ரெண்டு வாயுவா மாறிடும். அந்தக் கலவைக்குத் தொகுப்பு வாயுன்னு பேரு. அதுலேர்ந்து உரம் செய்யலாம், மெத்தனால் செய்யலாம், பெட்ரோல்கூடச் செய்யலாம். வெளிநாட்டுல இதப் பனைமர உயரக் குழாயில செய்யறாங்க. நான் ஒரு செங்கல்லுக்குள்ள செய்யப்போறேன்."

"செங்கல்லுலேர்ந்து பெட்ரோலா முசே?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். முதலாளியை நாங்கள் முசே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா மாதிரி. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவருக்கு வேண்டியது பீங்கான் கட்டி. அதற்குள் தலைமுடி கனத்தில் நூற்றுக்கணக்கான துளைகள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. துளை சின்னதாக இருந்தால்தான் வாயு சுவரை உரசிக்கொண்டே போகுமாம், நிக்கல் அதைப் பிடித்து மாற்றுமாம். இரும்பில் செய்தால் அந்தச் சூட்டுக்கு நிற்காது, பீங்கான்தான் நிற்கும். ஆனால் அப்படித் துளை போட அவரிடம் மெஷின் கிடையாது. அதற்குத்தான் மில் பெண்களைக் கூப்பிட்டார்.

களிமண்ணைச் சப்பாத்தி மாதிரி தேய்ப்போம். அதன்மேல் பஞ்சு நூலை ஒன்றையொன்று தொடாமல் இழுத்து வரிசையாகப் பரப்புவோம். மேலே இன்னொரு மண் தகடு. மறுபடி நூல், மறுபடி தகடு. ஒரு செங்கல் கனம் வரும்வரை இப்படியே அடுக்குவோம். அது காய்ந்ததும் சூளையில் வைத்தால் நூல் எரிந்து போகும், நூல் இருந்த இடம் துளையாக நிற்கும். சைக்கிள் பம்பு வைத்து ஊதிச் சாம்பலை வெளியேற்றிவிட்டு, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் நல்ல கல். அப்புறம் அதைப் பச்சை நிறமான நிக்கல் தண்ணீரில் முக்கி மறுபடி சுடுவார்கள். நாங்கள் அதைக் கல் என்றுதான் சொல்வோம். அவர் பிரெஞ்சில் என்னமோ சொல்வார்.

இந்த வேலையில் கஷ்டம் காய வைப்பதுதான். ஈரக் கல் மெதுவாகக் காய வேண்டும். ஒரு பக்கம் காற்றுப் பட்டு அந்தப் பக்கம் மட்டும் முந்திக் காய்ந்தால் குறுக்கே விரிசல் விடும். ஒரு கல் விரிந்தால் அன்றைய நாள் முழுவதும் இழுத்த நூல் வீண். அதனால் காய வைக்கிற அறையை மூடியே வைப்போம். எங்களுக்கு அது புதுசும் இல்லை. மில்லில் ஜன்னல் திறந்தால் ஈரம் போய் நூல் அறும் என்று எந்நேரமும் மூடித்தான் வைப்பார்கள். மூடின அறையில், வேர்வையில், பஞ்சுத் தூசியில் வளர்ந்த பெண்கள் நாங்கள். ஜன்னலைத் திறந்து போடுகிறவளைச் சோம்பேறி, வேலை தெரியாதவள் என்றுதான் பேசுவோம். மூடின அறை என்றால் ஒழுங்காக வேலை நடக்கிற அறை.

எங்களில் ரொம்ப ஒழுங்கானவள் தவளக்குப்பத்துக்காரி. என்னைவிட வயதில் சின்னவள். என்னை அக்கா என்பாள். அவள் புருஷனும் அதே மில்லில் தறியில் இருந்தவன், வேலை போய்த் தவளக்குப்பம் கடைத்தெருவில் சும்மா நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவதாக வயிற்றில் வந்தபோதுதான் இந்த வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை, பாரம் தூக்க வேண்டாம். சாமியே காட்டின வேலை என்றாள்.

அவள் மாமியார் வேறு கணக்குப் போட்டிருந்தாள். இந்தத் தடவையும் தங்கவில்லை என்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பது. இதை ஒளித்துக்கூட வைக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்று பேசுவாளாம். "பொண்ணுகூட முடிவு பண்ணிட்டாங்கக்கா. அதுங்க ஊரு திருக்கனூரு பக்கம். எனக்கே தெரியும்" என்று நூலை இழுத்துக்கொண்டே சொன்னாள். கை நிற்கவில்லை.

"உம் புருஷன் இன்னா சொல்றான்?"

"அவரு ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு சொல்லிட்டான்னு அர்த்தம்டி."

"வுடுக்கா. இது தங்கிடும். நாலு மாசம் ஆயிடுச்சே. முந்தி ரெண்டும் மூணு மாசத்துலயே போச்சு."

ஷெட்டுக்குப் பின்னால் சாண எரிவாயுத் தொட்டி கட்டினார்கள். எஸ்டேட் பக்கத்து மாட்டுக்காரர்களிடம் சாணி வாங்கிக் கரைத்துக் கொட்டினார்கள். நாற்றம் சொல்லி முடியாது. முட்டை அழுகின நாற்றம். பக்கத்துக் கம்பெனிக்காரன் தினமும் வந்து சண்டை போட்டான். எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி அவனைப் பார்த்தாலே கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

அந்த நாற்றத்தை எடுத்தே ஆக வேண்டும் என்றார் முதலாளி. பக்கத்துக் கம்பெனிக்காரனுக்காக இல்லை. நாற்றம் பிடித்த வாயு நிக்கலைக் கெடுத்துவிடுமாம். அவர் சொன்ன வார்த்தை இது: "நிக்கலுக்கு அது விஷம்." லேத்துப் பட்டறையிலிருந்து துருப்பிடித்த இரும்புச் சீவலைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து ஒரு டிரம்மில் அடைத்தார்கள். வாயுவை அதன் வழியாக விட்டதும் நாற்றம் நின்றது. சுத்தமாக நின்றது. நாங்கள் கை தட்டினோம். மேஸ்திரி மூக்கை டிரம் வாயில் வைத்து இழுத்துக் காட்டினான்.

"ரோசாப்பூ மாதிரி இருக்குது" என்றான்.

"யோவ், ஒன்ன இதுல போட்டு எடுத்தா ஒம் பொண்டாட்டி சந்தோஷப்படுவாய்யா" என்றாள் ஒருத்தி.

அன்று ரொம்ப நேரம் சிரித்தோம்.

முதலாளி அப்போதே சொன்னார். சொல்லவில்லை என்று நான் பொய் பேச மாட்டேன். "இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். சாண வாயு ஒழுகினா மூக்குக்குத் தெரியும். அடுப்புலேர்ந்து வர்றது ஒழுகினா தெரியாது. நிறம் கெடையாது, வாடை கெடையாது. மேல் ஜன்னல் எப்பவும் திறந்தே இருக்கட்டும்."

சொன்னார். சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். அது ஆளைக் கொல்லும் என்று சொல்லவில்லை. பயந்து வேலையை விட்டுப் போய்விடுவோம் என்று நினைத்தாரோ, சொன்னாலும் புரியாது என்று நினைத்தாரோ. எங்களுக்கு அவர் பேச்சு எப்படிக் கேட்டது தெரியுமா? நாற்றம் இல்லாத காற்று நல்ல காற்று. சாக்கடை நாறும், பிணம் நாறும், கெட்டுப்போன மீன் நாறும். நாறாததற்கு எவள் பயப்படுவாள்?

அடுப்பு என்பது செங்கல் கூண்டு. அதற்குள் எங்கள் கற்களை வரிசையாக வைத்து, இடுக்கையெல்லாம் சூட்டு மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். காலையில் பழுக்கச் சூடு ஏற்றுவார்கள், சாயங்காலம் அணைப்பார்கள். தினமும் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, பூசின மண் வெடிக்கும். மறுநாள் காலையில் மேஸ்திரி மேலே ஒரு கை மண் அப்புவான். அந்த அடுப்பின் முதுகுச் சுவர்தான் எங்கள் காய வைக்கிற அறையின் சுவர். அடுப்புச் சூடு வீணாகாமல் கல் காயட்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். தலைவலி அப்போதே ஆரம்பித்தது. லேசான வலி. டீ குடித்தால் கொஞ்சம் விடும்.

அடுப்பிலிருந்து வரும் புது வாயுவை முதலில் வெளியே ஒரு குழாய் முனையில் எரித்துவிட்டார்கள். நீலமாக எரியும். பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. முதல் தடவை எரிந்த அன்று முதலாளி எங்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கல் காயவே இல்லை. மண் தகடு நாலு நாளானாலும் கையில் ஒட்டியது. சென்னையிலிருந்து யாரோ பெரிய மனுஷர்கள் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குள் இன்னொரு அடுக்குக் கல் வேண்டும். வெளியே வீணாக எரிகிற வாயுவை உள்ளே கொண்டுவந்து, காய வைக்கிற அறையில் ஒரு பர்னர் வைத்து எரித்தால் கல் காயும் என்று யோசனை. யார் யோசனை என்பதில் பின்னால் சண்டை வந்தது. மேஸ்திரி முதலாளியைக் காட்டினான். ரப்பர் குழாயில் வாயு உள்ளே வந்தது. பர்னருக்கு மேல் தகரம், அதைச் சுற்றிக் கல்.

முதலாளி மேல் ஜன்னலைத் தன் கையாலேயே திறந்து வைத்துவிட்டு, அந்தப் பெரிய மனுஷர்களைப் பார்க்க சென்னைக்குப் போனார். அன்று மத்தியானமே சாரல் உள்ளே அடித்து ஓரத்துக் கல் கரைந்தது. மேஸ்திரி கத்தினான்.

"எவடி ஜன்னலத் தொறந்தது? கண்ணு அவிஞ்சிப்போச்சா?"

"முசேதான் தொறந்து வெச்சாரு."

"அவரு மெட்ராஸுல ஓட்டல் சாப்பாடு சாப்பிடறாரு. கல்லு காயலன்னா பேச்சு வாங்கறது அவரா, நானா? சாத்துங்கடி."

சாத்தினது தவளக்குப்பத்துக்காரி. சாத்தியும் சாரல் இடுக்கு வழியே வந்தது. அவள் மில் பெண் இல்லையா, கழிவுப் பஞ்சைத் திரித்து ஜன்னல் இடுக்கு முழுவதும் அடைத்தாள். கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தாள். அவ்வளவு அழகாக அடைத்திருந்தாள். மேஸ்திரி, "பாத்துக் கத்துக்குங்கடி, வேலைன்னா இப்படிச் செய்யணும்" என்றான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கற்களைத் திருப்பி வைக்கிற வேலை அவளுக்கு. ஈரக் கல்லை உடையாமல் திருப்ப அவள் கைதான் நம்பிக்கையான கை. அதனால் மற்றவர்கள் வெளிக்கூடத்தில் நூல் பரப்ப, அவள் அந்த அறையிலேயே இருந்தாள். அடுத்த நாள் வாந்தி எடுத்தாள். தலை சுற்றுகிறது என்றாள்.

"புள்ளத்தாச்சின்னா வாந்தி வராம இன்னா வரும்?" என்றார்கள்.

"ஆறாம் மாசத்துல ஏன்டி வாந்தி?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு ஒம்பது மாசமும் இருந்துச்சு" என்றாள் ஒருத்தி. பேச்சு முடிந்தது.

முகம் சிவந்து பளபளவென்று இருந்தது அவளுக்கு. கறுத்த பெண். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. "ஆம்பளப் புள்ளதான், முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு" என்று திருஷ்டி கழித்தார்கள். அவள் வெட்கப்பட்டாள். தலையைப் பிடித்துக்கொண்டு வெட்கப்பட்டாள். வாந்தி, மயக்கம், சிவந்த முகம், எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில் இருந்தது. அந்த வயிறு.

மூன்றாம் நாள் மழை விடவே இல்லை. சாப்பாட்டு நேரத்துக்கு அவள் வெளியே வரவில்லை. நான் போய்க் கதவைத் தள்ளினேன். சாக்கு தடுத்தது. தோளால் இடித்துத் திறந்தேன். பர்னரில் தீ இல்லை. எப்போது அணைந்ததோ. ரப்பர் குழாயில் வாயு மட்டும் வந்துகொண்டிருக்கிறது, ஒரு சத்தம் இல்லை, ஒரு வாடை இல்லை. அவள் கற்களுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு கல் இருந்தது, உடையாமல்.

கூச்சல் போட்டேன். இரண்டு பேர் வந்து இழுத்து மழையில் போட்டோம். எனக்கே கால் மடங்கியது. மேஸ்திரி ஓடிப்போய் வால்வை மூடினான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. முழுதாக இல்லை. ஏதோ.

டெம்போவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மேஸ்திரி என்னிடம் பாடம் நடத்தினான். "காலைல சாப்பிடாம வந்தவ மயங்கி வுழுந்தான்னு சொல்லு. வாயு கீயுன்னு பேசாத. எஸ்டேட்டுல தெரிஞ்சா இழுத்து மூடிடுவாங்க. அத்தினி பேரு பொழப்பு."

டாக்டர் இளவயசுக்காரர். ரத்த அழுத்தம் பார்த்தார், இமையைப் பிதுக்கிப் பார்த்தார். "ரத்தம் நல்லாத்தானே இருக்கு. முகம் இவ்வளவு சிவப்பா இருக்கு" என்று குழம்பினார். பிரசவ வார்டு ஆளைக் கூப்பிடச் சொன்னார். வலிப்பு வருமா என்று பார்த்தார். எல்லாம் வயிற்றைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தது. நான் வாயு என்றேன். என்ன வாயு என்றார். சாண வாயு என்றேன். "அதுல இப்படி ஆகாதே" என்றார். எனக்கு அதற்கு மேல் பெயர் தெரியவில்லை. அவர் தப்பும் இல்லை. அவரிடம் சரியான பெயரை யாரும் சொல்லவில்லை.

அப்போது முதலாளி வந்தார். சென்னையிலிருந்து வந்து இறங்கினவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூட்டரை மழையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார். வராந்தாவில் மேஸ்திரி அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் பேசினான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். உள்ளே அவள் மூச்சு கோழி மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

நான் போய் அவர் சட்டையைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு முதலாளியின் சட்டையைப் பிடித்தது அன்றுதான்.

"அந்தக் காத்துக்குப் பேரு இன்னா? உள்ள போய்ச் சொல்லு. பிரெஞ்சுலயாவது சொல்லு. எதுலயாவது சொல்லித் தொலை."

மேஸ்திரி என் கையைப் பிடித்து இழுத்தான். முதலாளி அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னார். கார்பன் மோனாக்சைடு. அந்த வார்த்தையை அன்றுதான் முதலில் கேட்டேன். டாக்டர் ஒரு நிமிஷம் அவரை முறைத்துப் பார்த்தார். அப்புறம் கத்தினார், ஆக்சிஜன் உருளையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இதைச் சொல்வதால் தன் கம்பெனி போகும் என்று தெரிந்துதான் முதலாளி சொன்னார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். சொல்லத்தான் அவ்வளவு நேரம் ஆயிற்று, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவள் பிழைத்தாள். மறுநாள் கண் திறந்து, "கல்லு இன்னாச்சுக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அதற்கு அடுத்த நாள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "நேத்திலேர்ந்து அசையலக்கா. தூங்குதா?" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

குழந்தை செத்துத்தான் பிறந்தது. ஆண் குழந்தை.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. குழந்தை செத்ததற்கு யாரும் வாயுவைச் சொல்லவில்லை. வாயுவில் மயங்கினாள், பிழைத்தாள், அது ஒரு விஷயம். குழந்தை போனது வேறு விஷயம். முன்னே இரண்டு போனது, இது மூன்றாவது. எஸ்டேட்டிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் மேஸ்திரி அதைத்தான் சொன்னான்: "அந்தம்மாவுக்கு எப்பவும் தங்காது சார்." வந்தவர் தலையாட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி மூடப்படவில்லை. ஃபியூஸ் கட்டையும் ஓடியது, கல்லும் ஓடியது. நான் அந்த வாரமே நின்றுவிட்டேன். மற்றவர்கள் நிற்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, அடுப்பு எரிய வேண்டும்.

கொஞ்ச நாள் கழித்து அவளைப் பார்க்கத் தவளக்குப்பம் போனேன். நான் போன அன்றைக்கே முதலாளியும் வந்திருந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மாமியார் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் தூணில் சாய்ந்து நின்றான். அவள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி மார்பில் துணி சுற்றியிருந்தது.

முதலாளி கிளம்ப எழுந்தபோது அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "முசே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"எம் புள்ள அந்தக் காத்தால போச்சா, எங் கருப்பையால போச்சா?"

மாமியார் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். ஒரு வார்த்தை. காற்றால் என்று அவர் சொன்னால் போதும். படித்தவர், பிரான்சுக்குப் போய் வந்தவர், அந்த அடுப்பைக் கட்டினவரே சொல்கிறார் என்றால் தெருவே வாயை மூடும். அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து இருக்கலாம். அவளும் அதற்காகத்தான் எல்லோர் முன்னாலும் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

அவர் யோசித்தார். மண்ணுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று யோசிப்பாரே, அதே முகம்.

"அநேகமா வாயுவாதான் இருக்கணும். ஆனா முன்னாடி ரெண்டு தடவை ஆயிருக்கறதால... உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நான் டாக்டர் இல்ல."

பொய் இல்லை. அவருக்குத் தெரிந்த அளவுக்கு உண்மையே. அந்த உண்மையைத் தூக்கிக் கடலில் போட.

"கேட்டுக்கினியா?" என்றாள் மாமியார். "படிச்சவரே சொல்லிட்டாரு."

"அவரு இன்னா சொன்னாருன்னு ஒழுங்காக் கேட்டியா நீ? அநேகமா வாயுன்னு சொன்னாரு. காது அடைச்சிக்கிச்சா?" என்று நான் கத்தினேன்.

"நீ யாருடி எங்க வூட்டுல வந்து கத்தறது?"

"யாரா இருந்தா இன்னா, வாய் இருக்குது கத்தறேன்."

முதலாளி என்னமோ சமாதானம் சொல்ல வந்தார், முடியாமல் வெளியே நடந்தார். புருஷன் அவர் பின்னாலேயே போனான். சட்டையைப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். நல்லது, இப்போதாவது ஆம்பிளையாக ஒரு காரியம் செய்யட்டும் என்று நினைத்தேன். வேலி ஓரத்தில் ஸ்கூட்டரை உதைக்கப் போனவரிடம் அவன் சொன்னது உள்ளே எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"சார், அந்த அடுப்புகிட்ட ஆம்பளையாளுக்கு எதுனா வேலை இருக்குங்களா?"

அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அவன் சட்டை மாற்றக் கொல்லைப் பக்கம் ஓடினான். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கொடியிலிருந்த இரண்டு புடவையை எடுத்துப் பைக்குள் திணித்தாள். வெளியே வந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் மாமியார்.

"எங்க அம்மா வூட்டுக்கு. உம் புள்ளைக்கு வேலை கெடச்சிடுச்சு. பொண்ணையும் பாத்து வெச்சிருக்கிற. இன்னும் நான் எதுக்கு?"

பையை நான் வாங்கிக்கொண்டேன். கடைத்தெரு முனைக்கு நடந்து போய்க் கடலூர் பஸ்ஸுக்கு நின்றோம். அவள் அடிக்கடி உட்கார வேண்டியிருந்தது. பஸ் வருவதற்கு முன்னால் அந்த ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிப் போனது, புதுச்சேரிப் பக்கமாக. முதலாளி எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரிப் போனார். பின்னால் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"பாவம்க்கா" என்றாள்.

"யாருடி பாவம்?"

அவள் ஸ்கூட்டர் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.